நத்தை ஓடு

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீடு பார்க்கப் போவோம்,
அதிலும் எனக்கு நைட் இல்லாத ஞாயிறு.
எபிநேசர் வண்டி ஓட்ட, நடுவில் ஜோவிதா,
பின்னால் நான். என் பையில்
ஒரு காலி பாட்டில்.
போகிற வீட்டுக் குழாயிலெல்லாம் பிடித்துக்கொள்வேன்.
"ரத்தத்தையே டெஸ்ட் பண்றவ, தண்ணிய விடுவாளா?"
என்று புரோக்கர் முனிரத்தினத்திடம் சிரிப்பார் இவர்.

சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடி.
நாற்பத்திரண்டு லட்சம். லிஃப்ட் வரும் என்றார்கள்.
பால்கனியைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் லாட்ஜ்,
கடுகெண்ணெய்ப் புகை, கொடியில் யாருடையதோ லுங்கி.
மால்டாவிலிருந்தோ சில்சரிலிருந்தோ வந்த ஒருவர்
ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு
எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.
ஆஸ்பத்திரியில் நான் தினமும் பார்க்கிற முகம்.
வீட்டிலுமா என்று நினைத்தேன்.
நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அரியூர்ப் பக்கம் மனை.
வெள்ளைக் கல், மஞ்சள் கொடி, ஆளுக்கொரு டம்ளர் மோர்.
"இன்னா மேடம் யோசன, அடுத்த வருசம் டபுள் ஆய்டும்.
தண்ணி நிக்குமான்னா கேக்கறீங்க?
வேலூர்ல மழ எங்க கீது?"
ஜோவிதா குந்தி மண்ணைக் கிளறி
வெள்ளையாய் ஒரு நத்தை ஓடு எடுத்தாள்.
அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஃபிராக் பை நிறைய.
"அம்மா, இங்க கடல் இருந்துச்சா?"
முனிரத்தினம் மோர் டம்ளருக்குள் பார்த்தார்.
எபி வரைபடத்தை மடித்தார்,
நான்காக, எட்டாக.

காட்பாடி வீடு நன்றாக இருந்தது.
அதைச் சொல்லிவிட வேண்டும்.
காற்று வந்தது. மாமரம் இருந்தது. தண்ணீர் கற்கண்டு.
வீட்டம்மா குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தார்.
சொந்த ஊர் கேட்டார், சொன்னோம்.
ஊரில் எந்தப் பக்கம் என்றார்.
எபி குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னார்.
ராத்திரி போன் வந்தது:
வேறு பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம்.
மூன்று வாரமாகிறது,
விற்பனைக்கு என்ற பலகை அங்கேயேதான் தொங்குகிறது.
இவர் தினமும் ரயிலுக்குப் போகிற வழி.
அந்த வீட்டுத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றினேன்.
செடிக்கு என்ன தெரியும்.

கடைசியாகத் தொரப்பாடி.
"வெல கம்மின்னா காரணம் கீது சார்."
காரணம் தெருக்கோடியில் நின்றது,
இருபதடி உயரம், மேலே கம்பி வேலி.
ஜெயில்.
"திருடன் பயமே இல்ல," என்றார் எபி,
"எல்லாரும் உள்ளதான இருக்காங்க."
காட்பாடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தோம்.
இரண்டே அறை. ஒரு சுவரில் ஓதம்.
குளியலறைக் கதவு மூடினால் திறக்கவில்லை.
தண்ணீர் உப்பு, பருப்பு வேக நேரமாகும்.
பக்கத்து வீட்டு நசீமா ஈரக்கையோடு வந்தாள்.
"கார்ப்பரேஷன் தண்ணி நாள் விட்டு நாள்,
விடியக்காலம் நாலரைக்கு.
உங்க ரெண்டு பேர்ல யாரு நைட் ட்யூட்டி?
கொடத்த வெளிய வெச்சுட்டுப் போங்க, நான் புடிச்சு வெக்கறேன்."
வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது,
யாருக்கோ சாப்பாட்டு நேரம்.

ராத்திரி கணக்குப் போட்டோம்.
லோன் முடியும்போது ஜோவிதாவுக்கு இருபத்துநான்கு.
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து
காகிதம் அங்கே மட்டும் மெல்லிசாகிவிட்டது.
உப்புத் தண்ணி, என்கிறேன்.
ஃபில்டர் வைக்கலாம், என்கிறார்.
சுவர், என்கிறேன்.
எந்தச் சுவர், என்கிறார்.

அந்நேரத்துக்கு எழுந்து வந்து அழுகிறாள் மகள்.
நத்தை ஓடுகளை அந்த வீட்டு ஜன்னலில்
வரிசையாக அடுக்கிவிட்டு மறந்து வந்துவிட்டாளாம்.
ஏழு.
விடிந்ததும் முனிரத்தினத்துக்குப் போன் பண்ணவேண்டும்,
சாவி யாரிடம் இருக்கிறது என்று.